தோட்டத்தில் மண் வேலை, வடிகால், வண்டிப்பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (செங்கோட்டை, புளியரை, மேக்கரை அடிவாரம்)

புதிதாக நிலம் வாங்கியிருக்கிறோம். முதலில் பாதையா, வடிகாலா, நிலத்தைச் சமன் செய்வதா?

முதலில் தண்ணீர். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் நிலத்துக்குள் நுழைகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது என்று புலப்படத்தில் (நிலத்தின் சர்வே வரைபடத்தில்) பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளை மிகச் சில இடங்களில் மட்டும் கடக்குமாறு பாதையை வையுங்கள். மண்ணை வெட்டுவதும் நிரப்புவதும் கடைசி. பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. ஜேசிபி கிடைத்த அன்றைக்கே பாதை வெட்டிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் அந்தப் பாதையே ஓடையாகிவிடும், அடுத்த வருடம் அதே மிஷினுக்கு மறுபடி வாடகை.

தண்ணீர் போகும் வழியை எப்படிக் கண்டுபிடிப்பது? கோடையில் எல்லாமே வறண்டு கிடக்கிறதே.

தடயம் கோடையிலும் இருக்கும். சருகும் சுள்ளியும் ஒரே திசையில் படிந்து கிடக்கும் கோடு, மேல்மண் போய்ச் சரளை மட்டும் மிஞ்சிய தாரை, வேர் வெளியே தெரியும் தென்னை, வேலி அடியில் மண் சேர்ந்து மேடான இடம் ஆகியவற்றைப் பாருங்கள். மாசி, பங்குனியிலும் பச்சையாக இருக்கும் புல், கோரை, தாழை இருந்தால் அங்கே அடியில் கசிவு உண்டு. அந்த இடத்தில் பாதையும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். முடிந்தால் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் நிலத்தை வெறுமனே பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. மழை கொட்டும்போது குடையோடு போய் நிற்கும் அரைமணி நேரம், எந்த வரைபடமும் சொல்லாததைச் சொல்லும்.

எந்த மாதத்தில் மிஷின் இறக்கலாம்?

இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. சாரல் மண்ணை அதிகம் அரிக்காது. ஆனால் மண்ணைக் காயவும் விடாது. ஈரம் மிஞ்சிய மண்ணில் ரோலர் ஓட்டினால் இறுகுவதற்குப் பதிலாக மெத்தைபோல் அமுங்கி எழும்பும். எனவே வெட்டு, நிரப்பு வேலைகளை ஜனவரிக் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் முடியுங்கள். கோடைமழை இடியோடு வருவதற்குள் குழாயும் கல் வேலையும் முடிந்திருக்க வேண்டும்.

சாரல் தொடங்கியதும் வெட்டிய சரிவுகளில் வெட்டிவேர் நாற்றும் புல்லும் நடுங்கள். நான்கு மாதச் சாரலில் வேர் பிடித்துவிடும். அக்டோபரில் அடித்துப் பெய்யும் மழையை அந்த வேர் தாங்கும். சமவெளிக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது. இதைப் பயன்படுத்தாமல் செப்டம்பரில் மண் வெட்டுபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆவணங்களில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பட்டா மட்டும் போதாது. புலப்படத்தையும் அ பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நில வகை எழுதிய கிராமக் கணக்கு) எடுத்து, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு எதுவும் உங்கள் நிலத்தைத் தொட்டோ குறுக்கிட்டோ போகிறதா என்று பாருங்கள். இன்று உழவடித்து மறைந்துபோன ஓடையும் படத்தில் இருக்கும், பெருமழையில் தண்ணீர் அந்தப் பழைய வழியைத்தான் தேடும். சர்வேயரை வைத்து எல்லைக்கல் ஊன்றிய பிறகே மிஷின் இறங்க வேண்டும்.

செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதனால் மூல ஆவணங்கள் சில மலையாளத்தில் இருக்கலாம். ‘வழி’, ‘தோடு’ என்று அவற்றில் வரும் சொற்களை விட்டுவிடாதீர்கள். தோடு என்றால் ஓடை.

உங்கள் கிராமம், 1990-இல் ஏற்படுத்தப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் (எல்லாரும் ‘ஹாகா’ என்பது இதைத்தான்) பட்டியலில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் நில அமைப்பை மாற்றும் முன் அனுமதி வேண்டும். வெட்டிய மண்ணையோ கிராவலையோ நிலத்துக்கு வெளியே கொண்டுபோவதற்குத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன்படி கனிமவளத் துறையின் அனுமதியும் வண்டிக்கு நடைச்சீட்டும் தேவை. கேரள எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச்சாவடி வழியாக மண் வண்டி போனால் என்ன கேட்பார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததே.

நிலம் எல்லைக்கு அப்பால், ஆரியங்காவு, தென்மலை, அச்சன்கோவில் பக்கம் இருந்தால்?

அங்கே சட்டம் வேறு. கேரள நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், 2008-இன்படி வயலை மண் போட்டு மேடாக்க முடியாது, பாதை போடுவதற்காக என்றாலும் கூடாது. வருவாய்ப் பதிவில் உங்கள் இடம் ‘நிலம்’ என்றிருக்கிறதா, ‘புரயிடம்’ என்றிருக்கிறதா என்று வில்லேஜ் ஆபீஸில் பாருங்கள். நம் ஊரில் நிலம் என்றால் எல்லாமே நிலம். அங்கே அந்தச் சொல்லுக்கு வயல் என்று பொருள். இந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்துச் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. பதிவில் ‘நிலம்’ என்றிருந்து, அந்தச் சட்டப்படி தயாரித்த வயல் தரவுப் பட்டியலில் (டேட்டா பேங்க்) சேர்க்கப்படாத இடமாக இருந்தால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்ட அலுவலர்) வகை மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

மட்டம் பார்க்க எஞ்சினியர் தேவையா?

5 ஏக்கருக்கு மேல், அல்லது ஏற்றம் கடுமையாக இருந்தால், ஒரு நாள் டம்பி லெவல் (தொலைநோக்கியுள்ள மட்டக் கருவி) வைத்துப் பார்க்கிற செலவு வீண் போகாது. சிறிய நிலத்துக்குக் கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாய் போதும். 20 மீட்டர் நீளமுள்ள தெளிவான டியூப், இரண்டு அளவுக்கம்பு, இரண்டு ஆட்கள். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும். முதலில் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 20 மீட்டரில் 1 மீட்டர் இறங்கினால் சரிவு 20-க்கு 1, அதாவது 5 சதவீதம்.

எவ்வளவு தண்ணீர் வரும் என்று எப்படிக் கணக்கிடுவது?

1 ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,047 லிட்டர். மணிக்கு 75 மில்லிமீட்டர் வேகத்தில் அடித்தால் 1 ஏக்கரில் நொடிக்கு 84 லிட்டர் விழும். தோப்பும் புல்லும் உள்ள மண்ணில் அதில் 40 சதவீதம் ஓடிவரும், அதாவது 34 லிட்டர். பாறை, கெட்டிச் சரளை, வெறும் சரிவு என்றால் 60 சதவீதத்துக்கு மேல்: 50 லிட்டருக்கும் அதிகம்.

உங்கள் நிலத்தின் பரப்பை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். மேலே யாருடைய நிலமாக இருந்தாலும், அங்கே விழுந்து உங்கள் பக்கம் இறங்கும் முழுப்பரப்பும் சேர வேண்டும். 5 ஏக்கர் தோப்புத் தண்ணீர் ஒரு புள்ளியில் கூடினால் நொடிக்குச் சுமார் 170 லிட்டர். ஓடை, மலைக்குள்ளிருந்து வருகிறது என்றால் இந்தக் கணக்கு போதாது, அங்கே எஞ்சினியரைக் கேட்டே ஆக வேண்டும்.

அந்தத் தண்ணீருக்கு எந்த அளவு ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போட வேண்டும்?

வாய் நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் 300 மில்லிமீட்டர் குழாய் நொடிக்குச் சுமார் 60 லிட்டரும், 450 மில்லிமீட்டர் சுமார் 170 லிட்டரும், 600 மில்லிமீட்டர் 300 லிட்டருக்கு மேலும் விடும். மேலே சொன்ன 5 ஏக்கருக்கு 450 சரியாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் முதல் மழையிலேயே ஒரு தென்னை மட்டை குறுக்கே விழும். 600 போடுங்கள். வண்டிப்பாதைக்குக் குறுக்கே 300 குழாய் வேண்டவே வேண்டாம், அடைத்தால் உள்ளே கை விட்டுச் சுத்தம் செய்யக்கூட முடியாது. விலை வித்தியாசத்தைப் பார்த்துச் சிறிய குழாய் போட்டவர்கள் பாதையை இரண்டு முறை கட்டுகிறார்கள்.

குழாயில் என்பி3 தரம் கேளுங்கள். அதைவிட வலுக் குறைந்த என்பி2, டிப்பர் ஏறினால் விரிசல் விடும். ஒரு குழாய் பொதுவாக 2.5 மீட்டர். இரண்டு பக்கமும் கல்சுவர் கட்டினால் 3.5 மீட்டர் பாதைக்கு 2 குழாய் போதும். சுவர் இல்லாமல் மண் சரிவாக விட்டால் 3 குழாய்.

குழாய் போட்டும் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஏன்?

பெரும்பாலும் காரணம் குழாயின் அளவு இல்லை, பதித்த விதம். இறங்கும் முனையில் தண்ணீர் குதித்து மண்ணைத் தோண்டும். பள்ளம் பின்னோக்கி வளரும், கடைசிக் குழாய் தலைகுனியும், இணைப்பு திறக்கும், பாதை உள்ளே விழும். இன்னொரு காரணம், குழாய்க்கு வெளியே பக்கவாட்டில் தளர்ந்த மண். தண்ணீர் குழாய்க்குள் போவதை விட்டுவிட்டு அதன் ஓரமாக வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

குழாயின் அடிமட்டம் ஓடையின் இயற்கையான படுகை மட்டத்திலேயே இருக்கட்டும். உயர்த்தி வைத்தால் மேல்பக்கம் தேங்கும், இறங்குமிடத்தில் அருவியாகும். சரிவு 100-க்கு 1 அல்லது 2. குழியின் அகலம் குழாயின் வெளிவிட்டத்தோடு 60 சென்டிமீட்டர். அடியில் 15 சென்டிமீட்டர் மணல் அல்லது நயமான கிராவல் போட்டு மட்டம் பார்த்தபின் குழாய். இணைப்பைக் காலர் (இணைப்பு வளையம்) போட்டுச் சிமெண்டு கலவையால் அடைக்க வேண்டும். பிறகு இரு பக்கமும் ஒரே நேரத்தில், 15 சென்டிமீட்டர் அடுக்காக மண் போட்டு இடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜேசிபி கொட்டினால் குழாய் நகர்ந்துவிடும். மேலே குறைந்தது 60 சென்டிமீட்டர் மண் ஏறும் வரை எந்த வண்டியும் ஏறக்கூடாது.

தலைச்சுவர் (குழாயின் முனையில் கட்டும் சுவர்) 45 சென்டிமீட்டர் கனக் கருங்கல் கட்டு, அஸ்திவாரம் படுகைக்குக் கீழே 60 சென்டிமீட்டர். தண்ணீர் இறங்கும் பக்கம் 2 மீட்டர் நீளத்துக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் கற்களை நெருக்கமாகப் பாவுங்கள். உருண்டை ஓடைக்கல்லை விட உடைகல் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

குழாய் இல்லாமல் ஓடையைக் கடக்க முடியாதா?

வருடத்தில் சில நாட்கள் மட்டும் ஓடும் அகலமான, கரை தாழ்ந்த ஓடைக்குத் தரைப்பாலமே மேல். படுகை மட்டத்தில் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம், மேல் கீழ் இரண்டு விளிம்பிலும் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தடுப்புச்சுவர். இந்தச் சுவர் இல்லாவிட்டால் அடிமண் அரித்துத் தளம் தொங்கும். மட்டையும் மரக்கட்டையும் மேலேயே அடித்துப் போய்விடும், அடைக்க எதுவும் இல்லை. பட்டா நிலத்துக்குள் மட்டும்தான் இதெல்லாம். ஓடைப் புறம்போக்கில் குழாயோ தளமோ போட அனுமதி வேண்டும்.

பாதையின் அகலம், ஏற்றம், வளைவு எவ்வளவு?

டிராக்டருக்கும் ஜீப்புக்கும் 3 மீட்டர். தேங்காய் லாரி, டிப்பர் வர வேண்டுமென்றால் 3.5 முதல் 3.75. வளைவின் வெளிப்புற ஆரம் லாரிக்கு 12 மீட்டர் இருக்க வேண்டும், வளைவில் பாதையை ஒரு மீட்டராவது அகலப்படுத்துங்கள். ஏற்றம் 20-க்கு 1 சுகமானது, 10-க்கு 1 எல்லை. அதைவிடச் செங்குத்தான சிறு தூரம் தவிர்க்க முடியாவிட்டால் அந்தத் தூரத்துக்கு மட்டும் கான்கிரீட் போட்டுக் குறுக்கே கீறல் இழுத்துவிடுங்கள். கிராவல் அங்கே நிற்காது.

100 மீட்டர் கிராவல் பாதைக்கு எத்தனை யூனிட்?

100 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், உதிரியாக 20 சென்டிமீட்டர் கனம். 70 கன மீட்டர், சுமார் 25 யூனிட் (1 யூனிட் 100 கன அடி). ரோலர் ஓடியபின் 15 சென்டிமீட்டராகும். நன்செய் வயலோரமாகப் போனால் அடியில் இன்னொரு 15 சென்டிமீட்டர் கூட்டுங்கள், பாதையை வயல் மட்டத்துக்கு மேல் 45 முதல் 60 சென்டிமீட்டர் உயர்த்துங்கள்.

கிராவலை வாங்குமுன் ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டிப் பாருங்கள். பென்சில்போல் நீண்டு உடையாமல் வந்தால் களி அதிகம், மழையில் வழுக்கும். கையில் ஒட்டவே ஒட்டாமல் உதிர்ந்தால் பிணைப்பு இல்லை, கோடையில் தூசியாகப் பறக்கும். நடுத்தரமாக இருக்க வேண்டும்.

கிராவல் கொட்டுமுன் மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் வழித்து ஓரம் ஒதுக்குங்கள். அது தோட்டத்துக்கு வேண்டிய பொன். வேர்க்கட்டையைப் புதைக்காதீர்கள், அது மக்கியதும் மேலே குழி விழும். பாதைக்குக் குறுக்கே சொட்டுநீர், மின்கேபிள் எதற்காகவாவது பின்னால் தோண்ட நேரும். அதனால் 50 மீட்டருக்கு ஒரு 150 மில்லிமீட்டர் பிவிசி குழாயை இப்போதே வெறுமனே புதைத்து, இரு முனையையும் மூடி, அடையாளக்கல் வையுங்கள்.

மழை பெய்தால் தண்ணீர் பாதையிலேயே ஓடுகிறது. என்ன செய்வது?

பாதை தட்டையாக இருக்கக்கூடாது. நடுவில் 6 சென்டிமீட்டர் உயர்த்தி இரு பக்கமும் சாய்க்கலாம், அல்லது 3 மீட்டருக்கு 12 சென்டிமீட்டர் என்று ஒரே பக்கம் சாய்க்கலாம். மலைப்பக்கம் வாய்க்கால் இருந்தால் அந்தப் பக்கமாக.

ஓர வாய்க்காலுக்கு அடி 30 சென்டிமீட்டர், ஆழம் 45, பக்கச் சரிவு 1-க்கு 1. 200-க்கு 1 சரிவில் இது நிரம்பி ஓடினால் நொடிக்குச் சுமார் 280 லிட்டர் போகும். 100-க்கு 1-ஐ விடச் சரிவு கூடினால் வெறும் மண் அரிக்கத் தொடங்கும். அங்கே கல் பாவுங்கள், அல்லது படிப்படியாகக் கல்தடுப்பு வையுங்கள்.

ஏற்றத்தில் பாதைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக, வண்டி ஏறி இறங்கும்படி அகலமான மண்மேடும் பள்ளமும் அமைத்துத் தண்ணீரை ஓரம் தள்ள வேண்டும். இடைவெளி சரிவு 5 சதவீதத்தில் 40 மீட்டர், 10-இல் 25, 15-இல் 18. வெளியேறும் வாயில் கல் போட்டுப் புல்லுள்ள பரப்பில் பரவவிடுங்கள். பக்கத்து வீட்டு வேலிக்கு நேராகத் திறந்துவிட்டால் வழக்கில் முடியும்.

வெட்டிய சரிவு இடிந்து விழுகிறது.

செங்குத்தாக வெட்டியிருப்பார்கள். உறுதியான செம்மண் 2 மீட்டர் வரை 1-க்கு 1 சரிவில் நிற்கும். நிரப்பிய மண்ணுக்கு 1.5 முதல் 2-க்கு 1 வேண்டும். வெட்டின் மேல்விளிம்புக்கு 2, 3 மீட்டர் பின்னால் ஒரு தடுப்பு வாய்க்கால் ஓட்டி மேல்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். சரிவில் 1 மீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசையாக, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டிவேர். சரிவான தரையில் மண் நிரப்பும்போது முதலில் படி வெட்டி, 20 சென்டிமீட்டர் அடுக்காக இறுக்க வேண்டும். படி இல்லாவிட்டால் நிரப்பிய மண் பலகைமேல் சாமான் சறுக்குவதுபோல் மொத்தமாகச் சறுக்கும்.

சரிவின் நடுவில் தண்ணீர் ஊறுகிறது என்றால் கல்சுவர் மட்டும் கட்டிப் பயனில்லை. 45 சென்டிமீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, வடிகட்டும் துணி (ஜியோடெக்ஸ்டைல்) விரித்து, 100 மில்லிமீட்டர் துளைக்குழாய் வைத்து, 20 மில்லிமீட்டர் சல்லி நிரப்பி, துணியை மூடி, 100-க்கு 1 சரிவில் வெளியே கொண்டுவாருங்கள். சுவர் கட்டினால் நீர்த்துளை விடாமல் கட்டாதீர்கள்.

மழைநீர் சேமிக்கச் சரிவில் குழிகள் வெட்டலாமா?

6 சதவீதத்துக்குக் குறைந்த சரிவில் வரப்பு நல்லது. சரிவு 4 சதவீதமாக இருந்தால் 25 மீட்டருக்கு ஒரு வரப்பு, மழை கூடுதலான இந்தப் பக்கத்தில் முழு மட்டமாக இல்லாமல் 300-க்கு 1 சாய்வு கொடுத்து, ஓரத்தில் புல்வாய்க்காலில் சேர்க்க வேண்டும். செங்குத்தான மலைச்சரிவில், வீட்டுக்கும் பாதைக்கும் மேலே குழி வெட்டித் தண்ணீரை இறக்காதீர்கள். மண் ஊறிக் கனத்து, பாறைக்கு மேலே வழுக்கும்.

பண்ணைக்குட்டை எங்கே, எவ்வளவு?

நிலத்தின் தாழ்ந்த பகுதியில், பாதையின் கீழ்ப்பக்கம். மேலே 20-க்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கச் சரிவு 1.5-க்கு 1 என்றால் அடி 14-க்கு 14 ஆகும், கொள்ளளவு சுமார் 5.8 லட்சம் லிட்டர். வெட்டும் மண் 200 யூனிட்டுக்கு மேல் வரும். அதை எங்கே போடுவது என்று முதலிலேயே தீர்மானியுங்கள், பாதையை உயர்த்த அதுவே போதும். சரளை மண்ணில் தண்ணீர் நிற்காது, 30 சென்டிமீட்டர் களிமண் பூச வேண்டும் அல்லது தார்ப்பாய் விரிக்க வேண்டும். மறுகால் (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வாய்) இல்லாமல் கரை போடாதீர்கள். காட்டோரம் என்றால் யானை தண்ணீர் குடிக்க வரும். தார்ப்பாய் விரித்த செங்குத்துக் குட்டையில் விழுந்த விலங்கு ஏற முடியாது. ஒரு பக்கத்தையாவது 4-க்கு 1 சரிவாக, கல் பாவி விடுங்கள்.

மேல்நிலத்துக்காரர் தண்ணீரை என் நிலத்தில் விடுகிறார். அடைக்கலாமா?

இயற்கையாக வழிந்து வரும் தண்ணீரை அடைக்க முடியாது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மேல்நிலத்துத் தண்ணீர் இயல்பாகக் கீழ்நிலத்துக்கு ஓடுவதை உரிமையாகக் காட்டுகிறது. ஆனால் பரவி வந்ததை அவர் குழாயில் சேர்த்து ஒரே இடத்தில் பாய்ச்சினால் கதை வேறு. பேசித் தீர்ப்பது மலிவு: எல்லையோரம் பொது வாய்க்கால், செலவு பாதிப் பாதி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து.

மிஷினை மணிக்கணக்கில் பிடிப்பதா, மொத்தமாக ஒப்பந்தமா?

வரைபடமும் முளைக்குச்சியும் தயாராக இருந்தால் மணிக்கணக்கு. குச்சி அடிக்காமல் ஓட்டுநரிடம் ‘அந்தப் பக்கம் கொஞ்சம் இறக்குங்க தம்பி’ என்று கைகாட்டினால் மணி ஓடிக்கொண்டே இருக்கும். மண் நிரப்பலுக்கு மொத்த ஒப்பந்தம் என்றால், அடுக்கின் கனமும் ரோலர் எத்தனை முறை ஓட வேண்டும் என்பதும் (8 டன் ரோலர், 6 முதல் 8 முறை) எழுத்தில் இருக்கட்டும். கொட்டிய டிப்பர்களை எண்ண ஒரு ஆளை நிறுத்துங்கள். ஒவ்வொரு டிப்பரும் எத்தனை யூனிட் என்பதை முதல் லோடு வந்ததுமே பெட்டியை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பணத்தில் பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை முடியும் வரை கையில் வைத்திருங்கள்.